தாலியைத் தொட்ட கைகள்

மாப்ளே,

நேற்று போடியில் ஒரு கல்யாணம். தேங்காய் மேல் தாலியை வைத்துத் தட்டோடு சபைக்குக் கொண்டுவந்தார்கள். வரிசையாக எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். என்னிடம் வந்தபோது ஈர மஞ்சளின் வாசனை மூக்கில் ஏறியது. மணப்பெண் படித்து முடித்து வேலைக்குப் போகிறவள். அந்தக் கல்யாணத்தில் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் எனக்குக் கை எழவில்லை. பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "தொடுங்கண்ணே, உங்களையும் கேசுல சேத்துர மாட்டாக."

அந்தக் கேசு நீ தொடங்கியது. குரங்கணிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நீ சட்டம் பற்றிப் பேசி முடித்ததும், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி உன் பின்னாலேயே வந்தாள். தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் போகிறார்கள் என்றாள். அவள் வீட்டுக்கு இருவரும் போனோம். நீ சத்தம் போடுவாய், நான் சட்டப் பிரிவைச் சொல்வேன். நம் ஏற்பாடு எப்போதும் அதுதானே. அவள் அம்மா அழுதாள். "தம்பி உரிமை கேக்குறான் சார். முடியாதுன்னா, நாளைக்கு நான் செத்தா எனக்குப் பொறந்த வீட்டுக் கோடித்துணி போட யாரு வருவா?" 

நீதிமன்றத்தில் நீ தடையுத்தரவு வாங்கினாய். நம் சனத்துக்கெல்லாம் பெரியவரான ஏலக்காய்க் கமிஷன் கடைக்காரர், கடைவீதியே கேட்கும்படி சொன்னார்: "வக்கீலுக்குச் சொந்தமா ஒரு புள்ள இல்ல. அதான் ஊரான் வீட்டுக் கல்யாணம்னா வயிறு எரியுது."

"ஆமாண்ணே, எரியுது. தண்ணி இருந்தாக் கொண்டாங்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். வண்டிக்கு வந்ததும் சாவியை என்னிடம் கொடுத்து, என்னை ஓட்டச் சொன்னாய்.

அதன்பின் அவளை ஜீப்பில் ஏற்றி, போடிமெட்டைத் தாண்டிக் கொண்டுபோய், கேரளத்து ஏலத்தோட்டக் கோயிலில் கட்டிவைத்துவிட்டார்கள். இங்கே போலீசில் "எங்க எல்லையில்ல" என்றார்கள். அங்கே "தமிழ்நாட்டுக் குட்டியல்லே" என்று, உங்கள் ஊர்ப் பெண்தானே என்று கைகழுவினார்கள். ஊரில் கேட்டால் கல்யாணமே நடக்கவில்லையாம், சாமி கும்பிடத்தான் போனார்களாம். நீ மலை ஏறி ஏறி இறங்கினாய். அப்படி இறங்கி வந்த ஒரு நாள், பஸ்சிலேயே உன் நெஞ்சு நின்றுபோனது.

உன் இழவுக்கு யாரும் போகக்கூடாது என்று பெரியவர் சொல்லிவிட்டார். நம் சனம் ஒன்றுகூட வரவில்லை. என் தம்பியும் வரவில்லை. கோர்ட்டு ஊழியர்களும் ஆட்டோக்காரர்களும்தான் உன்னைத் தூக்கினார்கள். நானும் தோள் கொடுத்தேன். பாதி வழியில் மூச்சு வாங்கி ஒதுங்கினேன். அங்கே நின்றபடிதான் இவர்களை விடக்கூடாது என்று முடிவு செய்தேன். இது நியாயமா, பழியா என்று என்னையே பலமுறை கேட்டுவிட்டேன். பழிதான் முன்னால் நடக்கிறது, மாப்ளே. நியாயம் அதன் பின்னால் வருகிறது.

வீடியோ எடுக்காமல் இவர்களால் ஒரு கல்யாணம் நடத்த முடியாது. எடுத்த போட்டோக்காரர் தன் தொழிலுக்கு விளம்பரமாக அதை இணையத்தில் போட்டுவைத்திருந்தார். உன் ஜூனியர் பெண் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். தாலித்தட்டு சபையைச் சுற்றுகிறது. கேமரா ஒவ்வொரு முகத்திலும் நின்று போகிறது. பெரியவர் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மைக்கில் சொல்கிறார்: "தடையுத்தரவாம்ல! மலையேறி வரச் சொல்லுங்கப்பா." அடுத்துத் தொட்ட கை என் தம்பியுடையது.

வீடியோவைப் பார்த்த பிறகு யாரும் எல்லை பேசவில்லை. பெண்ணை மீட்டு விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்திருக்கிறார்கள். தடையை மீறிய கல்யாணம் செல்லாது. ஆனால் அந்த முகங்கள் யார் யார் என்று கோர்ட்டில் சொல்ல ஒரு சாட்சி வேண்டும். ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் சொல்கிறேன் என்றேன்.

போன வாரம் பெரியவர் என் வீட்டுக்கே வந்தார். "இந்த வயசுல என்னையக் கூண்டுல ஏத்திப் பாக்கணுமாண்ணே? ஒங்க தம்பியும்ல மாட்டுவான்."

"வக்கீல் எழவுக்கு வராதவுகளுக்கு நான் எதுக்கு எரக்கப்படணும்?" என்றேன்.  அவர் முகம் கறுத்ததைப் பார்க்க இனித்தது.

இன்று விடுதிக்குப் போனேன். "எங்கம்மாவையும் ஜெயில்ல போட்ருவாகளா தாத்தா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்லத்தா. இந்தச் சட்டத்துல பொம்பளைகளுக்கு ஜெயில் கெடையாது."

"மைக்குல பேசுனாரே, அவருக்கு?"

"அவருக்கு அந்தச் சலுகை இல்ல."

மடியில் இருந்த பாடப்புத்தகத்தைத் திறந்தாள். "அப்ப வெரசாச் சொல்லிட்டு வாங்க. எனக்குப் பரீச்ச வருது."

நாளை கூண்டில் ஏறுகிறேன். இத்தனை வருடம் கூடவே திரிந்தும் உன் துணிச்சல் என்மேல் ஒட்டவில்லை. கோபம் மட்டும் ஒட்டியிருக்கிறது. குரல் நடுங்கத்தான் செய்யும். ஆனால் சொந்தக்காரனை மறைத்தேன் என்று அவர்கள் வக்கீல் சொல்ல இடம் தரமாட்டேன். பெரியவர் பெயர் இரண்டாவதாக வரும். என் தம்பியிலிருந்து தொடங்குவேன்.