பூஜைக்கு முன் இலந்தைப்பழம் கொடுக்கச் சொன்ன டாக்டரைத் திரும்ப அனுப்பக் கோரி

அனுப்புநர்:
தி. பாகீரதி,
ஜாதவ்பூர், கொல்கத்தா.

பெறுநர்:
சுகாதாரத் துறை உயர் அதிகாரி அவர்கள்,
அலிப்பூர், கொல்கத்தா.

பொருள்: என் பேத்தியின் வலிக்கு வீடு தேடி வந்து மருத்துவம் பார்த்த டாக்டர் கீதாஞ்சலியை நிறுத்தியது – மீண்டும் அனுப்பக் கேட்டு.

மரியாதைக்குரிய ஐயா,

தாங்கள் தமிழர் என்று கேள்விப்பட்டுத் தமிழிலேயே எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுக்கவும். விஷயத்தில் பிழை இல்லை.

1. என் மகன் வயிற்றுப் பேத்தி வித்யாலக்ஷ்மிக்குப் பத்து வயது. எலும்பில் புற்றுநோய். இனிக் குணமாக்க முடியாது என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். அதன்பின் வலி தெரியாமல் வைத்துக்கொள்ள வாராவாரம் வீட்டுக்கு வந்தவர் டாக்டர் கீதாஞ்சலி. வந்ததும் தரையில் உட்காருவார். முதலில் குழந்தையிடம்தான் பேசுவார்; நாங்கள் காத்திருக்க வேண்டும். குளிப்பாட்டும் முன்பே வலி மருந்தைக் கொடுக்கச் சொன்னவர் அவர்தான். அதுவரை குளியல் என்றாலே குழந்தை அலறுவாள்.

2. இந்த ஊரில் சரஸ்வதி பூஜை தை மாதம் வரும்; அது முடியும்வரை பிள்ளைகள் குல், அதாவது இலந்தைப்பழம், தின்னக் கூடாது. தின்றால் படிப்பு வராதாம். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோம், நாங்களும் அதைப் பிடித்துக்கொண்டோம். மார்கழி பிறந்ததும் வித்யா குல் கேட்டாள். பூஜை ஆகட்டும் என்றோம். இப்போதே கொடுங்கள் என்றார் டாக்டர். குழந்தை விவரமானவள். அப்போ பூஜைவரைக்கும் நான் இருக்க மாட்டேனா ஆன்ட்டி என்று கேட்டுவிட்டாள். டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரியாதும்மா, இருந்தால் அன்றைக்கும் தின்னலாம் என்றார். குழந்தை அழவில்லை. தொட்டுக்கொள்ள உப்பும் மிளகாய்ப்பொடியும் கேட்டாள்.

3. அப்போது கூட இருந்தவர் என் சம்பந்தி லக்ஷ்மிநாராயணன், பாங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். என் மகன் கல்யாணத்தில் காபி ஆறியிருந்தது என்று இன்றுவரை சொல்லிக்காட்டுகிறவர், நான் மறக்கவில்லை. குழந்தையிடம் டாக்டர் சாவைப் பற்றிப் பேசினார் என்று, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், ஆஸ்பத்திரிக்கு இங்கிலீஷில் நீளமாகப் புகார் எழுதினார். அவர்களும் எங்களைக் கேட்கவில்லை. டாக்டரை வேறு வார்டில் போட்டுவிட்டு, குழந்தையை நீங்களே தூக்கி வாருங்கள் என்கிறார்கள். என் மருமகள் தன் அப்பாவை எதிர்த்துப் பேச மாட்டாள். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

4. போன செவ்வாய் தூக்கிப் போனோம். டாக்ஸி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டாள். அங்கிருந்த புது டாக்டர், வலி எவ்வளவு, பத்துக்குள் ஒரு எண் சொல் என்றார். மூன்று என்றாள். அவர் அப்படியே நம்பி மருந்தைக் குறைத்துவிட்டார். திரும்பும் வழியில் ஏன்டி அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். சீக்கிரம் வீட்டுக்கு விடுவார்கள் என்றுதான் பாட்டி என்றாள். தரையில் உட்காருகிறவரிடம் இந்தப் பொய் செல்லாது ஐயா. இப்போது குளியல் நின்றுபோய், ஈரத்துணியால் துடைக்கிறோம். அதற்கே அலறுகிறாள்.

5. டாக்டருக்கென்று வித்யா ஒரு டப்பாவில் குல் எடுத்து வைத்திருக்கிறாள். தாத்தாவுக்கு ஒன்றுகூடக் கிடையாது என்று அவளே சொன்னாள், நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆகையால் டாக்டர் கீதாஞ்சலியை இந்த வாரமே எங்கள் வீட்டுக்கு அனுப்ப உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பூஜை லீவு முடியட்டும் என்று இந்தக் காகிதத்தை எடுத்து வைத்துவிடாதீர்கள். பூஜை ஆகட்டும் என்று நாங்களும்தான் சொன்னோம்.

இடம்: கொல்கத்தா
நாள்: 12.1.2026

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
தி. பாகீரதி
(வித்யாலக்ஷ்மியின் பாட்டி)