காராமணி தின்னிகள்

ஜூலை 7
பசிக்காக இல்லை. பக்கத்து வீட்டுக் கெய்டாவின் கண்ணில் படவேண்டும் என்றுதான் மதிலோரமாகக் காராமணி ஊன்றினேன். மூன்று வரிசை, குழிக்கு இரண்டு விதை. படிப்பு முடிந்து, மாலியில் எங்கள் ஊரான செகூவுக்குத் திரும்பிய நாள் முதல், காலையில் மதிலுக்கு மேல் அவர் தலை முளைக்கிறது. "காராமணி தின்னி எழுந்தாச்சா? ராத்திரி எத்தனை சட்டி?"

எங்கள் கூலிபாலி குலத்துக்கும் கெய்டா குலத்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி முறை. யார் தின்றாலும் தின்னி மற்றவர்தான்.

ஜூலை 12
முளைத்துவிட்டது. ஆட்டுக்குப் பயந்து மதில் மேல் முள் வைத்தேன்.

"சொந்தமாவே போட ஆரம்பிச்சுட்டாளா? இனிமே சந்தையில மத்தவங்களுக்கும் கிடைக்கும்."

எனக்குப் பதில் தோன்றுவதற்குள் தலை இறங்கிவிட்டது. இத்தனை புத்தகம் படித்து என்ன?

ஆகஸ்ட் 3
தலைநகர் பமாக்கோவிலிருந்து கடிதம். ஆசிரியர் வேலை எனக்கு இல்லை. வாசலிலேயே நின்று படித்தேன். கெய்டா வழக்கம்போல ஆரம்பித்தார். தெருவில் நாலு பேர்.

"எனக்குப் பேர் இருக்கு. நியெலே. பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

சொல்லியே விட்டேன். கேலி முறைக்காரரிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது. நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 4
"வணக்கம், நியெலே. வீட்டுல எல்லாரும் சுகமா?"

அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 5
இன்றும் அதே வணக்கம், அதே கேள்வி. சுகம்தான்.

ஆகஸ்ட் 19
பூத்திருக்கிறது. காலையில் விரிகிறது, உச்சிப் பொழுதுக்குள் மூடிக்கொள்கிறது. தண்டில் அசுவினிப் பூச்சி, அடுப்புச் சாம்பல் தூவினேன்.

தெருவே என்னிடம் மரியாதையாகப் பேசுகிறது. பிறந்த தெருவில் விருந்தாளி நான்.

ஆகஸ்ட் 27
மரியாதைக்குத் தரும் கோலாக் கொட்டை பத்து வாங்கிக்கொண்டு மன்னிப்பு கேட்கப் போனேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "உம்மேல எனக்கு வருத்தமே இல்லம்மா" என்றார்.

வருத்தமில்லாதவர் ஏன் என்னைத் தின்னி என்று கேலி செய்யவில்லை?

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "முறைக்காரன்கிட்டப் போய் மன்னிப்பா? நிஜமாவே சண்டைதான்னு நீயே முத்திரை குத்திட்டு வந்திருக்க."

அப்படியானால் என்னதான் செய்வது? தெரியும். பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 9
கெய்டாவின் பேரனுக்குப் பெயர் சூட்டு விழா. இமாம் பெயரைச் சொல்லி முடித்து, கம்புக் கூழ் வந்துவிட்டது. முற்றம் நிறைய ஆள். எழுந்தேன்.

"என்ன பேர் வச்சு என்ன? கெய்டா வீட்டுப் பிள்ளைதானே. பல்லு முளைக்கட்டும், முதல்ல காராமணிதான் கேக்கப்போறான்."

கெய்டா சுரைக்குடுவையைக் கீழே வைத்தார். நான் கதவு எத்தனை அடி தூரம் என்று பார்த்தேன்.

"யாருப்பா இந்தக் கூலிபாலிப் பொண்ணை உள்ள விட்டது? சட்டியையெல்லாம் ஒளிச்சு வைங்க."

கெய்டா சொன்னதும் முற்றமே சிரித்தது. நானும். கண்ணீர் கூழில் விழுந்தது, பரவாயில்லை, குடித்துவிட்டேன்.

செப்டம்பர் 14
மதிலோர வரிசையில் நெற்று ஒன்றுகூட இல்லை. நேற்றுதான் காய்ந்து பழுப்பாகியிருந்தது, இன்று பறிக்கலாம் என்றிருந்தேன். எங்கள் வாசற்படியில் வெறும் தோல், குவியலாக. அந்தப் பக்கமிருந்து காராமணி வடை பொரியும் வாசனை. கெய்டாவின் தலை மட்டும் எங்கும் காணோம்.

"எழுபது நாள் உழைப்புடி" என்றாள் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அடுத்த வரிசை காய இன்னும் நாலு நாள் ஆகும். மதில் மேலிருந்த முள்ளை எடுத்து, ஆடு வரும் வாசல் பக்கம் வைத்தேன்.