வாலைப் பிடித்த குட்டி

மெல்பேர்ண்
14.08.2012

அன்புள்ள நாகபூசணிக்கு,

நீரும் மகளும் சுகந்தானே? அவளுடைய இருமல் விட்டதா? எனக்கு உடம்பு நலம், கோபந்தான் ஆறவில்லை.

இங்கே ஊருக்கு வெளியே ஒரு மட்பாண்டப் பட்டறையில் ஆபிரிக்க மிருகங்கள் செய்கிறேன் என்று எழுதினேனல்லவா? தாயின் வாலைத் தும்பிக்கையால் பிடித்தபடி குட்டி நிற்கும் யானை ஒன்று செய்தேன். சூளையில் வைக்குமுன் முதலாளி சூசன் கம்பியால் குட்டியை அறுத்தெடுத்துவிட்டாள். பிரித்தால்தான் கெதியாக விலைப்படுமாம்! "உமக்கென்ன விசரோ? குட்டியை விட்டுட்டுத் தாய் எப்பிடி நிக்கும்?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பயப்படாதீர், அவளுக்கு விளங்கவில்லை, வேலையும் போகவில்லை.

உங்கள் இரண்டு பேரையும் இங்கே கூப்பிட என் விசாவும் விடாது. பஸ் வருகிறது, முடிக்கிறேன். போனமுறை மகள் தனியே நிற்கும் படம் அனுப்பினீர். இனி அப்படி வேண்டாம். இரண்டு பேரும் கைபிடித்து நிற்கிற படம் அனுப்பும்.

மயூரதன்