விரல் நுழையாத மேடைக் கல்

14 ஜூன் 1996, வெள்ளி. மேலப்பாளையம்.

புது வீட்டுச் சமையலறை அலமாரிக்குக் கைப்பிடியே வேண்டாம் என்று ரியாத்திலிருந்து படம் அனுப்பியவர் என் வீட்டுக்காரர்தான். கதவின் மேல்விளிம்பைப் பிடித்து இழுக்க வேண்டுமாம். இன்று அலமாரிக்கு மேலே சமையல் மேடைக் கல்லைப் பதித்தார்கள். கல் அந்த மேல்விளிம்பை மறைத்துக்கொண்டு முன்னால் நீண்டு நிற்கிறது. இடுக்கில் விரல் நுழையவில்லை. இழுத்துப் பார்த்து நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

கொத்தனாரைக் கேட்டால், "தண்ணி கதவுல வடியக் கூடாதுன்னு நீங்கதானக்கா நீட்டி வைக்கச் சொன்னீய?" என்கிறார். தச்சரோ, "கல்லு நீண்டா நான் என்ன செய்ய?" என்று போய்விட்டார்.

சாயங்காலம் இவர் போன் செய்தார். "அடுப்பாங்கரை நல்லா வந்துருக்கா?"

"மச்சான், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வாறவுக நீங்க. தெனமும் தொறக்கப்போறது நான். கைப்பிடி வைக்கத்தான் போறேன்."

போன் கட்டாகிவிட்டது. லைன் தானாக அறுந்ததா, கோபத்தில் வைத்துவிட்டாரா, தெரியவில்லை. எப்படியும் கைப்பிடி வைக்கத்தான் போகிறேன்.