வலப்பக்கத்து மீட்டர்

என் ஆசை மாப்பிள சுயம்புவுக்கு,

நீ போன பிறகு நான் சைக்கிளைத் தொடவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் படுக்கிறேன், எழுந்தால் துறைமுகத்துக்குப் போகிறேன். விடியும்போது தன்னால் விழிப்பு வருகிறது. வாசலில் உன் மணிச் சத்தம் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். இதைத் துக்கம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். அலுப்பு மாப்பிள. அடித்துப் போட்ட மாதிரி அலுப்பு.

போன வாரம் உன் வீட்டுக்காரி செல்வக்கனி கூப்பிட்டனுப்பினாள். உன் சைக்கிள் கூடத்தில் சுவரோரம் நிற்கிறது. தினமும் துடைக்கிறாள் போலிருக்கிறது. நீ ஒரு நாளும் அதை அவ்வளவு சுத்தமாக வைத்திருந்ததில்லை. ஹேண்டில்பாரில் இருந்த மீட்டரைக் காட்டினாள். நாம் இரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே மாதிரி வாங்கினோமே, வயர் இல்லாத மீட்டர், அதுதான்.

"அண்ணே, சக்கரத்தச் சுத்துனா இது வேகம் காட்ட மாட்டேங்கு. ஆனா பொத்தான அமுக்குனா பழைய ஓட்டம் வருது. கூடுன வேகம் முப்பத்திநாலுன்னு போட்டிருக்கு. அது அன்னைக்குப் போனதாண்ணே?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அன்னைக்குக் காலையில மேலுக்கு முடியலன்னுதான் படுத்துக் கெடந்தாவ. நாந்தான் எழுப்பி விட்டேன். ஓட்டிட்டு வாங்க, சுகரு குறையும்னு வெரட்டுனேன். முப்பத்திநாலுல போயிருக்காவளே. நானே கொண்டுபோயித் தள்ளிட்டேனா?"

உன் கருமாதிப் பந்தியிலேயே உன் சொந்தக்காரர்கள் பேசியது என் காதில் விழுந்தது. "சைக்கிள் வெறி புடிச்சு அலைஞ்சான், அதான்" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் இப்படி இறங்கியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கு ஓட்டிவிட்டு வந்து சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டாய். செம்போடு அவள் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. அந்தச் செம்பை இன்னும் எடுத்துப் புழங்கவில்லையாம்.

"ரிப்பேர் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தேன். சத்தியமாக அலுப்பாகத்தான் இருந்தது. செத்துப்போயும் எனக்கு வேலை வைக்கிறாயே என்று உன்னை வைதேன்.

முதலில், சென்சார் சுற்றுகளை எண்ண உதவும் காந்தத்தைப் பார்த்தேன். சக்கரக் கம்பியில் சரியாகத்தான் இருந்தது. முன் ஃபோர்க்கில் உள்ள சென்சாருக்குப் பக்கத்தில் இன்னும் நெருக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்றினேன். பூஜ்யம். சரி, பேட்டரி போயிருக்கும் என்று சென்சாரைத் திறக்கப் பார்த்தால் மூடி அசையவில்லை. தேங்காயெண்ணெய் விட்டு, ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஒருவழியாகத் திறந்தேன். உள்ளே பேட்டரியே தெரியவில்லை மாப்பிள. நம்ம உப்புக்காற்று தின்றுதீர்த்து, பச்சைப் பொடியாக உதிர்ந்தது. பேட்டரியைத் தாங்கும் தகடுகூட அரித்துப் போயிருந்தது. இது நேற்று இன்று செத்த சென்சார் இல்லை. வருஷக்கணக்காகச் செத்துக் கிடந்திருக்கிறது.

அப்படியானால் இத்தனை காலமும் உன் மீட்டர் எப்படி ஓடியது? முக்காணிப் பாலத்தில் "இருவத்தாறு! உனக்கு எவ்வளவுலே?" என்று கத்துவாயே, அது எங்கிருந்து வந்தது?

என் சென்சாரைக் கழற்றி உன் சைக்கிளில் மாட்டிப் பார்க்கலாம் என்று, தூசி படிந்து கிடந்த என் சைக்கிளை இழுத்து உன்னுடையதற்கு இடப்பக்கம் நிறுத்தினேன். நிறுத்தும்போது என் முன்சக்கரம் தரையைவிட்டுத் தூக்கிச் சுற்றிவிட்டது. உன் மீட்டர் ஓடியது. உன் சக்கரம் அசையவே இல்லை. மறுபடி என் சக்கரத்தைச் சுற்றினேன். இரண்டு மீட்டரிலும் ஒரே வேகம். என் சென்சார் அனுப்பும் சிக்னலை உன் மீட்டரும் பிடித்துக்கொள்கிறது.

என் சென்சார் வலப்பக்க ஃபோர்க்கில் இருக்கிறது. நீ எப்போதும் என் வலப்பக்கம்தான் வருவாய். கண்டெய்னர் லாரி உரசிக்கொண்டு போகும் பக்கம். "ஏலே, நீ உள்ள வா, லாரிக்காரன் பாக்க மாட்டான்" என்பாய். நான் கொஞ்சம் பின்தங்கினால் "பக்கத்துல வாலே, என்ன ஊர்வலமா போற?" என்று ஏசுவாய். எனக்காக லாரிப் பக்கத்தை எடுத்துக்கொண்டாய் என்றுதான் நம்பியிருந்தேன். மீட்டர் ஓடுவதற்காகவா வந்தாய், திருட்டுப்பயலே? உப்புக் கம்பெனியில் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் உனக்கு ஒரு சென்சார் செத்தது தெரியாமலா இருக்கும்? ஏன் மாற்றவில்லை?

தெரிந்துதான் இருந்திருக்கிறது. அதற்கும் சாட்சி கிடைத்தது. கிளம்புமுன் பழைய ஓட்டத்தை அழிக்க ரீசெட் அமுக்குவது நம் வழக்கம். பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி அமுக்குவாய். உன் மீட்டரில் இருந்த ஓட்டத்தை என் மீட்டரோடு வைத்துப் பார்த்தேன். உன்னோடு கடைசியாக வந்த பிறகு நான் வண்டியை எடுக்கவே இல்லையே, என்னுடையதிலும் அந்த ஓட்டம் அழியாமல் இருந்தது. அதிகபட்ச வேகம் அதே முப்பத்திநாலு. தூரம் மட்டும் உன்னுடையதில் கொஞ்சம் குறைவு. லாரிக்கு வழிவிட்டு நாம் முன்னும் பின்னுமாகப் போன இடங்களாக இருக்கும். அது நாம் சேர்ந்து போன கடைசி ஓட்டம். மேலக்காற்று முதுகில் தள்ள, முக்காணியிலிருந்து போட்டி போட்டுக்கொண்டு வந்தோமே, அந்த நாள். எனக்குக் காலை ஷிப்ட் விழுந்து நீ தனியாகக் கிளம்பிய நாளில் நீ ரீசெட்டைத் தொடவே இல்லை; தொட்டிருந்தால் அந்த முப்பத்திநாலு அழிந்திருக்கும். நான் பக்கத்தில் இல்லையென்றால் மீட்டர் ஓடாது என்று உனக்குத் தெரியும்.

மறுநாளே செல்வக்கனியிடம் போனேன். இரண்டு சைக்கிளையும் முற்றத்தில் நிறுத்தி, என் சக்கரத்தை அவளையே சுற்றச் சொன்னேன். உன் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அந்த முப்பத்திநாலு என்கூட வந்த அன்னைக்குத் தாயி. கடைசி நாளு இதுல ஏறவே இல்ல."

"அன்னைக்கு எப்படிப் போனாவ, அப்போ?"

"அது யாருக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்லுதேன். உம் மாப்பிள நம்பரக் காட்டிப் பீத்துறதுக்குத்தான் வேகமா மிதிப்பான். நம்பரும் ஓடாது, பக்கத்துல நானும் இல்ல. யாருக்குக் காட்ட மிதிக்கப் போறான்? உப்பளத்து ஓரமா பாட்டுப் பாடிக்கிட்டு உருட்டிட்டு வந்திருப்பான்."

அவள் சிரித்தாள் மாப்பிள. சிரித்தபடியே உட்கார்ந்து அழுதாள். இது பழைய அழுகை இல்லை, கேட்டால் தெரிகிறது. பிறகு எழுந்து உள்ளே போய், அந்தச் செம்பில் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். குடித்தேன். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

நான் சொன்னது உண்மைதானா? நீ மெல்லத்தானே வந்தாய்? எனக்கும் அது தெரிய வேண்டியிருக்கிறது.

கிளம்பும்போது மீட்டரைக் கழற்றி என் கையில் வைத்தாள். "உங்க சக்கரத்தத்தான இது எண்ணுச்சு. நீங்களே வச்சுக்கிடுங்க" என்றாள்.

அலுப்பு இன்னும் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் நாளைக்கு விடியும்போது வண்டியை எடுப்பேன். ஹேண்டில்பாரில் என் மீட்டருக்கு வலப்பக்கம் உன்னுடையதை மாட்டிவிட்டேன். என் சக்கரம் சுற்றினால் இரண்டும் ஓடும். என்னுடையதில் ரீசெட் அமுக்குவேன். உன்னுடையதில் அமுக்க மாட்டேன். நாம் விட்ட இடத்திலிருந்து அது எண்ணிக்கொண்டு போகட்டும். ஒன்று மட்டும், மீட்டர் உன் பக்கம் இருந்தாலும், இனிமேல் லாரிப் பக்கத்தில் நான்தான் வருவேன்.

இப்படிக்கு,
உன் பக்கத்திலேயே வந்த மச்சான்,
ஞானராஜ்
முத்தையாபுரம்