ஆர்வெலின் அச்சுக்குள் கிடந்த அசிங்கம்

அன்புள்ள லவெர்ன்,

நீயும் உன் முழங்காலும் நலமா? இந்த எண்ணெய் வயலில் என்னைவிடத் திடமானவன் கிடையாது, கவலைப்படாதே.

சனிக்கிழமை எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. அறையில் கூட இருக்கும் ஆர்வெலின் கருவியை வாங்கி நாற்பது தோட்டா செய்தேன். ஒவ்வொரு குண்டும் முந்தையதைவிட ஆழமாகப் பித்தளை உறைக்குள் இறங்கியது. சுட்டிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, துப்பாக்கி என் முகத்தருகே கொஞ்சம் வெடித்திருக்கும், அவ்வளவுதான். மொன்டானாவிலேயே என் கண்ணுக்கு மட்டும்தான் மயிரிழை வித்தியாசம் தெரியும். குண்டை அழுத்தும் அச்சைக் கழற்றினேன். உவ்வே! உள்ளே கறுத்த மெழுகு, ஈயப்பிசுக்கு, அதோடு ஆர்வெல் மென்று துப்பிய புகையிலை!

"அதனாலதான் பெருசு, வழவழன்னு இறங்குது," என்று இளித்தான்.

"முதல்ல வாயக் கழுவுடா, பன்னி! இதத் தொட்ட கையால நான் எப்படிடா சோறு திங்கிறது?"

மூன்று முறை சோப்புப் போட்டும் நாற்றம் போகவில்லை. நாற்பதையும் பிரித்துப் போட்டுவிட்டேன். என் சொந்த அச்சு நம் வீட்டு வண்டிக் கொட்டகை அலமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அது வராவிட்டால் குளிர்காலத்துக்கு நமக்கு இறைச்சி இல்லை. இங்கே தபாலை நம்ப முடியாது. காரில் பத்து மணி நேரம்தான், நீயே கொண்டு வந்துவிடேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் வெர்லின்