டவுன் ஹாலில் அப்பாவுக்கு ஒரு நாற்காலி

ஜன. 20, செவ்வாய்

காலையில் கடும் பனி. கம்பெனி பஸ் அரை மணி லேட். திவ்யா நிச்சயத்துக்கு மண்டபம் தேடித் தேடிக் கால் ஓய்ந்தது. என் மகளுக்கென்று ஒன்றுகூடக் காலியில்லை. கடைசியில் டவுன் ஹால், ஞாயிறு காலை. வெள்ளைக்காரன் காலத்துக் கல் கட்டடம். இப்போது யோகா வகுப்பு, கண் முகாம், யூனியன் கூட்டம், நடுவில் எங்களைப் போல மண்டபம் கிடைக்காதவர்கள். ஓடு ஒழுகுமாம். தை மாதம்தானே, பரவாயில்லை.

அப்பாவிடம் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "அங்கயா?" அவ்வளவுதான்.

ஜன. 22, வியாழன்

வாங்க: பூ, வெற்றிலை, மஞ்சள், அப்பாவுக்குப் புது வேட்டி.

அப்பா வரமாட்டாராம். கோபத்தில் கத்திவிட்டேன். பிறகுதான் வாயைத் திறந்தார். அவர் இளவட்டமாக இருந்தபோது, அங்கே கூட்டம் என்றால் எங்கள் தெரு ஆட்கள்தான் பெஞ்சு தூக்கிப் போடுவார்களாம். "போட்டதும் துண்டால துடைச்சிட்டு வெளிய வந்துடணும்மா. நாங்க தொட்டதாச்சே. பேச்சு கேக்கணும்னா ஜன்னலுக்கு வெளிய நின்னுக்கணும்."

இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கத்தினதுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தாத்தா இல்லாமல் திவ்யாவுக்கு என்ன நிச்சயம்?

ஜன. 24, சனி

லீவு போட்டு ஹாலைக் கழுவினேன். புறா எச்சம் மூன்று வாளி. அந்த ஜன்னல் என் கழுத்து உயரம். கம்பெனியில் பக்கத்தில் நிற்கும் செல்வியும் துணைக்கு. "வரலன்னா தூக்கிட்டு வந்துடலாம்க்கா." சிரித்துவிட்டேன். அப்பா இன்னும் பிடி கொடுக்கவில்லை.

ஜன. 25, ஞாயிறு

வந்தார். புது வேட்டி. வாசல் வரைக்கும்தான்.

தட்டு மாற்றும் நேரம், தேடினால், ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார். மாப்பிள்ளையின் அம்மா மாலூர்க்காரர், கன்னடம்தான். பழைய கதை எதுவும் தெரியாது. நேரே வெளியே போனார், கையைப் பிடித்துக் கூட்டி வந்தார், முன்வரிசையில் நாற்காலியைக் காட்டி, "அஜ்ஜா, இல்லி கூத்கொள்ளி" என்றார். அப்பா உட்கார்ந்தார். நுனியில்தான். ஆனாலும் உட்கார்ந்தார். திவ்யா காலில் விழுந்தாள். சந்தோஷத்தில் எனக்கு அழுகை.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். அப்பா எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். தான் உட்கார்ந்த நாற்காலியைத் துடைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.